உதாரணத்துக்கு ஒரு லாத்தே

சிம்பாங் அம்பாட்
12 ஏப்ரல் 2025

வாத்தியாரே,

'நலம், நலமறிய ஆவல்' என்று கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று நீங்கள்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பீர்கள். நான் நலமாக இல்லை. உங்கள் நலத்தை அறியும் ஆவலும் இன்றைக்கு இல்லை.

உங்கள் நம்பரைக் கைப்பேசியில் அடைத்துவிட்டேன். பேசினால் கத்துவேன், கத்தினால் ரத்த அழுத்தம் ஏறும் என்று மகன் ஹைக்கல் பயப்படுகிறான். அதனால் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். அதுதானே உங்களுக்குக் கைவந்த வேலை.

பெருநாள் பலகாரம் டின்னில் இன்னும் தீரவில்லை. நேற்று ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து உட்காருகிறேன், ஹைக்கல் கைப்பேசியை நீட்டுகிறான். "அத்தா, இது நம்ம தங்கராஜு சார்தானே?"

நீங்களேதான். டத்தோ கிராமாட் மண்டபம். வெள்ளைப் பலகை. முன்னால் உங்கள் ஓய்வூதியக் கூட்டம், நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கிறவர்கள் வேறு. பலகையில் கொட்டை எழுத்தில் 'வீட்டிலேயே லாத்தே, சிக்கனமாக' என்று தலைப்பு. அதன் கீழே: 'உதாரணம்: அமீராவின் நுரை கடை.' என் மகள் ஒரு கோப்பைக்கு வாங்கும் விலை. அதற்குக் கீழே வீட்டில் ஆகும் செலவு. இடப்பக்கம் ஒரு கழித்தல் குறி. கழித்து, விடையைப் போட்டு, அடியில் இரண்டு கோடு. பிறகு சிரித்துக்கொண்டே திரும்பிக் கேட்கிறீர்கள்: "மிச்சக் காசு எங்க போகுது? நுரையா போகுது!" கூட்டம் கைதட்டுகிறது.

கணக்கு சரிதான். உங்கள் கணக்கு என்றைக்குத் தப்பியது? அதில் கடை வாடகை எங்கே? கரண்டு எங்கே? விடியலில் எழுந்து கடை திறக்கிற பிள்ளையின் முதுகுவலி எங்கே? அதையெல்லாம் எந்தக் கோட்டுக்குக் கீழே போட்டீர்கள்?

பினாங்கில் லாத்தே விற்கிற கடை சந்துக்கு இரண்டு இருக்கிறது. உங்களிடம் ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்த பிள்ளையின் பெயர்தானா பேனா முனையில் வந்தது? பெயர் போடாமல் 'ஒரு கடை' என்று எழுதினால் கணக்கு வராதா?

கடையின் வாடகை ஒப்பந்தம் மே மாதக் கடைசியில் முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போடுவதா, சாமானைக் கட்டுவதா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இதைச் செய்தீர்கள். சனிக்கிழமை காலையில் உங்கள் ஆசிரியர் கூட்டம் உட்காரும் நீள மேசை இப்போது காலி. வீடியோ போகாத கைப்பேசி இல்லை. இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. ஹைக்கலிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

அந்தக் கடை மூடினால் பூட்டுப் போட்ட கை உங்கள் கை. அவ்வளவுதான்.

காஜா மொய்தீன்


டத்தோ கிராமாட்
17 ஏப்ரல் 2025

அன்புள்ள பாய்,

உங்கள் கடிதத்தில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. நியாயப் பிழைதான் இருக்கிறது. அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டால் தாள் முழுவதும் சிவந்துவிடும் என்பதால் நீல மையிலேயே எழுதுகிறேன்.

எனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்கிறீர்கள். என் வீட்டுக்காரி ருக்குமணியிடமிருந்து தொடங்குகிறேன். பக்கவாதம் வருவதற்கு முன் அவளுக்கு இருந்த ஒரே ஆடம்பரம் சனிக்கிழமை காலையில் அமீரா கையால் ஒரு லாத்தே. நகை கேட்டதில்லை, சேலை கேட்டதில்லை. அந்த ஒரு கோப்பை. இப்போது சக்கர நாற்காலி. அமீரா கடைக்கு முன்னால் தெருவிலிருந்து நடைபாதைக்கு ஏற உயரமான படி இருக்கிறது. இரண்டு முறை நாற்காலியோடு தூக்கிப் பார்த்தோம். இரண்டாம் முறை சக்கரம் நழுவியது. விழவில்லை. ஆனால் அவள் சொன்னாள்: "போதுங்க. நாலு ஆம்பளைங்க பொணம் தூக்குற மாதிரி என்னைத் தூக்கி, நான் போய்க் கோப்பி குடிக்கணுமா?" அன்றோடு கடைக்குப் போவது நின்றது.

கடைக்குப் போக முடியாதவளுக்குக் கடையை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நான் என்ன செய்வேன்? கடையில் இருப்பதைப் போன்ற இயந்திரத்தின் விலையைக் கேட்டேன். ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கிவிடலாம். அதனால் அடுப்பில் வைக்கும் சின்ன மோக்கா பாத்திரம் ஒன்று வாங்கினேன். கீழ் அறையில் தண்ணீர், நடுத் தட்டில் தூள், சூடேறினால் ஆவியின் அழுத்தத்தில் கெட்டியான கோப்பி மேல் அறைக்கு ஏறும். கடை இயந்திரத்தின் அழுத்தம் அதற்கு இல்லை. ஆனால் பாலோடு சேரும்போது அந்தக் குறை பெரிதாகத் தெரிவதில்லை. கப்பல் இல்லாவிட்டால் சம்பான் படகில் போவதில்லையா, அதைப் போல.

பால்தான் என்னைப் படுத்திவிட்டது. கொதிக்கவிட்டால் ஆடை படிந்து இனிப்பு செத்துவிடுகிறது. பாத்திரத்தின் சுவரில் விரல் வைத்து, மூன்று எண்ணுவதற்குள் விரலை எடுக்க வேண்டும் போலிருந்தால் அதுதான் பதம். பிறகு வலைத்தட்டு அழுத்தி வைத்த கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, தட்டை மேலும் கீழும் குத்த வேண்டும். துணி துவைக்கும் நுரை வேறு, கைக்குழந்தைக்குத் தேய்க்கும் சோப்பின் நுரை வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது. பெரிய குமிழி நின்றால் குடுவையை மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, சுழற்றி, மினுமினுப்பு வந்ததும் ஊற்ற வேண்டும். முதல் நாள் கொடுத்தபோது ருக்குமணி ஒரு வாய் குடித்துவிட்டு, "இது பாலு. இது கோப்பி. ரெண்டும் இன்னும் அறிமுகம் ஆகல," என்றாள். எத்தனையோ வாரம் கழித்துத்தான் ஒருநாள் பேசாமல் முழுக் கோப்பையும் குடித்தாள். அந்த மௌனத்துக்காக நான் எவ்வளவு பால் கொட்டினேன் என்று எனக்கே தெரியாது.

அவளைப் பார்க்க வந்தவர்கள் கண்டார்கள், கேட்டார்கள். சனிக்கிழமை மேசையில் உட்கார்ந்தவர்களில் சிலர் ஒரு கோப்பையை வாங்கி இரண்டாகப் பிரித்துக் குடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வீட்டில் ஒரு நல்ல கோப்பை கிடைக்கட்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுப்பது திருட்டா, பாய்? நீச்சல் கற்றுக்கொடுத்தால் படகுக்காரன் வயிற்றில் அடித்ததாகுமா?

உதாரணத்துக்குப் பெயர் வேண்டும். பெயரில்லாத உதாரணம் பிள்ளைகள் மனத்தில் நிற்காது. அந்தக் காலத்தில் லாப நட்டக் கணக்குக்கு உங்கள் நாசி கண்டார் சோற்றுக் கடையைத்தான் எழுதுவேன். நீங்கள் அப்போது கோபப்படவில்லை. பெருமையாகப் பார்த்துச் சிரித்தீர்கள்.

இப்போது நான் கேட்கிறேன். மகளின் கடைக்காக இவ்வளவு துடிக்கிறீர்கள். அது திறந்த நாளிலிருந்து ஒருமுறையாவது உள்ளே காலடி வைத்ததுண்டா? சுவருக்கு என்ன நிறம் என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

தங்கராஜு


சிம்பாங் அம்பாட்
24 ஏப்ரல் 2025

வாத்தியாரே,

முதலில், தங்கச்சி ருக்குமணியைக் கேடயமாகப் பிடிக்காதீர்கள். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இங்கிருந்து பாலத்தைத் தாண்டித் தீவுக்கு மிளகு ரசம் கொண்டுவந்தவன் நான். அவளுக்கு வீட்டில் கோப்பி போட்டுக் கொடுத்தீர்களே, அதில் எனக்கு என்ன சண்டை? நன்றாகப் போட்டுக் கொடுங்கள். என் சண்டை வெள்ளைப் பலகையோடு.

உங்களுக்கு உதாரணம் பிடிக்கும் அல்லவா? நான் ஒன்று தருகிறேன்.

உங்கள் டியூஷன் வகுப்புக் குறிப்புகளை யாரோ ஃபோட்டோஸ்டாட் எடுத்துப் பாசார் சந்தையில் விற்றானே, அந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? என் கடையில் வந்து உட்கார்ந்து மேசையில் குத்தினீர்கள். தே தாரிக் டீ கிளாஸ் விழுந்து உடைந்தது. "என் ராத்திரித் தூக்கம்யா அது! வித்தவன் கையை ஒடிக்கணும்!" என்று கத்தினீர்கள். அப்போது நான் சொல்லியிருக்கலாம், 'சொல்லிக்கொடுப்பது திருட்டா, வாத்தியாரே, பிள்ளைகள் மலிவாகப் படிக்கட்டுமே' என்று. நான் சொல்லவில்லை. உடைந்த கிளாஸைப் பொறுக்கினேன்.

உங்கள் உழைப்பு என்றால் உழைப்பு. என் மகள் உழைப்பு என்றால் நுரை. அப்படித்தானே?

என் கடையை உதாரணத்துக்கு எழுதியபோது சிரித்தேன் என்கிறீர்கள். ஏன் சிரிக்க மாட்டேன்? உங்கள் கணக்கில் என் கடை எப்போதும் லாபத்தில் ஓடியது! நான் நட்டத்தில் தத்தளித்த வருஷம்கூட உங்கள் கரும்பலகையில் எனக்கு லாபம். அவளை மட்டும் ஏன் கழித்தீர்கள்?

சுவரின் நிறம் கேட்டீர்கள். பச்சை. எதிர்ச் சாரி நடைபாதையில் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தால் அவ்வளவுதான் தெரியும்.

திறப்பு நாள் அன்று ஹைக்கல் ஓட்டும் கெரேத்தாவின் கூரையில் என் பழைய கடைப் பலகையைக் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். நல்ல மரம், ஆள் நீளம், சீன ஆசாரி உளி வைத்துச் செதுக்கிய 'மொய்தீன்' என்ற எழுத்து. முப்பது வருஷத்துக்கு மேல் அதற்குக் கீழேதான் நின்று கறி ஊற்றினேன். அவள் கடைக்கு மேலே மாட்டலாம் என்று ஆசை. முதல் நாள் இரவே போனில் சொன்னேன். என்ன பதில் தெரியுமா? "வேணாம் அத்தா. உங்க பேரப் போட்டா எல்லாரும் கறி கேப்பாங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என் பேர் கறி வாசம் அடிக்கிறது, அவ்வளவுதான் அர்த்தம். இருந்தும் போனேன். பார்த்தால் மேலே ஏற்கெனவே 'நுரை' என்று வெள்ளை விளக்கில் எழுதி மின்னுகிறது. சோப்புக் கடையா என்ன? பலகையை இறக்காமலே திரும்பிவிட்டேன். அது இப்போது இங்கே போர்ச்சில் சுவரில் சாய்ந்து கிடக்கிறது, சாக்குப் போட்டு மூடி.

அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. அப்பன் உள்ளே போகாவிட்டால் ஊரார் கல்லெறியலாம் என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது?

காஜா மொய்தீன்


டத்தோ கிராமாட்
3 மே 2025

பாய்,

இன்று காலை கடைக்குப் போனேன். என்ன நடந்தது என்று என் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள், வேறு யாராவது வீடியோ அனுப்புவதற்கு முன்.

நீள மேசை காலிதான். நீங்கள் சொன்னது உண்மை. நான் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். அமீரா வந்தாள். கையில் துடைக்கும் துணி. எப்போதும் "வாங்க சார், அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்கிறவள், மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"ஒரு லாத்தேம்மா," என்றேன்.

"எதுக்கு சார்? வீட்டிலேயே குடிங்க. சிக்கனம்."

எனக்குக் காது சுட்டது. ஐந்தாம் வகுப்பில் என் மேசைக்குப் பக்கத்தில் நின்று வாய்ப்பாடு ஒப்பித்த பிள்ளை! "இது நல்லா இல்லம்மா," என்றேன். வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. அவள் தலை குனியவில்லை.

"நீங்க சொல்லிக்குடுத்தது தப்பில்ல சார். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே மண்டபத்துக்கு வந்து எல்லாருக்கும் செஞ்சு காட்டியிருப்பேன். அம்மாவுக்காக உங்களுக்குப் பால் பதம் சொல்லித் தந்ததே நான்தானே? ஆனா என் பேர மேல எழுதி, அதுலேர்ந்து கழிச்சுக் காட்டினீங்க பாருங்க. அதான் சார் தாங்கல."

நியாயம் அவள் பக்கம் இருந்தது. அதனாலேயே என் கோபம் இன்னும் ஏறியது. அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கதை அதோடு முடியவில்லை. நான் எழுந்திருக்குமுன் ஒரு மனிதர் கையில் மோக்கா பாத்திரத்தோடு உள்ளே நுழைந்தார். பின்னாலேயே ஓர் அம்மா, அவர் கையிலும் ஒன்று. மனிதர் பாத்திரத்தைக் கல்லாவில் 'டக்'கென்று வைத்தார்.

"இது உங்க கட லாத்தே தானே? வீடியோல காட்டினாங்களே? செஞ்சா கீழேர்ந்து புஸ்ஸுனு ஆவி அடிச்சி, அடுப்பெல்லாம் கருப்பு லா! என் பொண்டாட்டி நேத்து வெள்ளையடிச்ச சுவரு!"

அமீரா பொறுமையாகக் கேட்டாள். "எந்தத் தூள் போட்டீங்க அங்கிள்?"

"கோப்பித் தூள்தான். பாசார்ல வாங்குறது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நம் ஊர்க் கோப்பித் தூள் சீனியும் பட்டரும் சேர்த்து வறுத்தது. துணி வடிகட்டியில் வடித்தால் தேவாமிர்தம். மோக்கா பாத்திரத்தில் போட்டால் சீனி இளகி, தூள் களிமண்ணாகி, நடுத்தட்டுக் கண்ணெல்லாம் அடைத்துவிடும். மேலே ஏற வழியில்லாத ஆவி பக்கத்தில் இருக்கும் திறப்பு வழியே சீறும். நான் வகுப்பில் 'நல்ல தூள்' என்று மட்டும் சொன்னேன். என் வீட்டு டப்பாவில் இருந்தது அமீரா கடையில் வறுத்த தூள். உலகத்தில் எல்லார் வீட்டு டப்பாவிலும் அதுதான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன் போலும். இந்தத் தீவில் கோப்பித் தூள் என்றால் என்ன என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சொல்லிக்கொடுக்கிறவனுக்குத் தோன்றவில்லை.

"அம்மா, நான்..." என்று எழுந்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டார்.

"இவருதான்! இவருதான் அந்த வாத்தியாரு!"

அதற்குப் பிறகு அங்கே நடந்ததை எழுத வயது இடம் கொடுக்கவில்லை. பலகையில் பெயர் இருந்ததால் எல்லாரும் அவள் கடைக்கே வருகிறார்கள். இந்த வாரம் முழுவதும் இப்படித்தானாம். வருகிறவர்களிடம் அந்தப் பிள்ளை தனியாக நின்று பேச்சு வாங்குகிறாள். ஒருவரும் ஒரு கோப்பை வாங்குவதில்லை.

பாய், நாற்பது மாணவர்களை ஒரு பார்வையில் அடக்கத் தெரியும் எனக்கு. பாத்திரத்தோடு வரும் கூட்டத்தை அடக்கத் தெரியாது. கையில் கறிக் கரண்டியோடு மதியக் கூட்டத்தை வரிசையில் நிறுத்தியவர் ஒருவர்தான் எனக்குத் தெரியும். அவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

தங்கராஜு


சிம்பாங் அம்பாட்
8 மே 2025

வாத்தியாரே,

அடைத்தது நீங்கள். அள்ள நான் வரவேண்டுமா?

அவள் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடட்டும், வருகிறேன். கூப்பிடாத வீட்டுக்கு மொய்தீன் போனதில்லை. இப்போது தொடங்க மாட்டேன்.

இனி எழுதவேண்டாம்.

கா. மொ.


டத்தோ கிராமாட்
13 மே 2025

பாய்,

எழுதவேண்டாம் என்றீர்கள். நான் எழுதவில்லை. ருக்குமணி எழுதச் சொல்கிறாள், நான் கை மட்டும்.

சனிக்கிழமை நடந்ததை அவளிடம் மறைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு லோகேஸ்வரி வந்து ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். அன்றையிலிருந்து நான் போடும் லாத்தேயை அவள் குடிப்பதில்லை. நன்றாக இருக்கும் வலது கையால் கோப்பையை எடுத்து, தட்டில் கவிழ்த்து வைக்கிறாள். "அந்தப் புள்ள கையால குடிச்சாத்தான் இனி குடிப்பேன். அவ பேர அழிச்சுக் கிடைக்கிற கோப்பி எனக்கு எதுக்கு?" என்கிறாள். இவ்வளவு பால் பதம் கற்றுக்கொண்டதும் யாருக்காக? வீட்டிலும் எனக்கு வரிசையாக அடி.

அதனால் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மறுபடியும் வகுப்பு வைத்தேன். வகுப்பை நிறுத்த மாட்டேன். வீட்டில் நல்ல கோப்பி குடிப்பது எவருடைய தனிச் சொத்தும் இல்லை. இதில் உங்களோடு இன்னும் சண்டைதான். ஆனால் பலகையில் கடைப் பெயர் எழுதவில்லை. எந்தத் தூள் ஆகும், எது ஆகாது என்று கையில் இரண்டையும் வைத்துக் காட்டினேன். அந்த வீடியோ போட்ட அஃபிக் என்ற பையனிடம் அதை நீக்கச் சொன்னேன். நீக்கிவிட்டானாம், ஆனால் அதற்குள் பறந்தது பறந்ததுதான் என்கிறான். இறகுத் தலையணையைக் காற்றில் கிழித்தவன் கதைதான்.

இனி ருக்குமணி சொன்னது, சொன்னபடியே:

"அண்ணே, சுகமா? நான் சொல்றதக் கேளுங்க. பாலத்தத் தாண்ட உங்களுக்கு முடியல. கோபத்த மட்டும் ஏன் வாரா வாரம் தாண்டி அனுப்புறீங்க? எனக்குக் காலு வராது, படி ஏற முடியாது. உங்களுக்குக் காலு நல்லாத்தானே இருக்கு?"

அவ்வளவுதான். மேற்கொண்டு ஒன்றும் சேர்க்க எனக்கு அனுமதி இல்லை.

தங்கராஜு


சிம்பாங் அம்பாட்
26 மே 2025

வாத்தியாரே,

உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துவிட்டான் என்று சொல்லக்கூடாது.

தங்கச்சி சொன்னதை ஹைக்கல் படித்துவிட்டான். படித்துவிட்டுக் கெரேத்தா சாவியை என் முன்னால் வைத்தான். அடுத்த சனிக்கிழமை போனோம். அவளைப் பார்க்க இல்லை. அவளிடம் சத்தம் போடுகிறவனைப் பார்க்க.

எதிர்ச் சாரித் தூணுக்குப் பின்னால்தான் நின்றேன், பழைய இடம். உள்ளே ஆறேழு பேர், கையில் கருகின பாத்திரம். ஒருத்தன் கல்லாவில் கையால் அடிக்கிறான். என் கல்லாவில் எவனாவது அப்படி அடித்ததுண்டா? அதற்குப் பிறகு நான் எப்படித் தெருவைத் தாண்டினேன் என்று தெரியாது. லோரிக்காரன் ஹார்ன் அடித்தானாம்.

"ஏய்! வரிசை! லைன் பிடி, லைன்! மொதல்ல வந்தவன் மொதல்ல! பாத்திரத்த மேல வைக்காத, கீழ வை! கத்துனவன் கடைசி!"

வந்துவிட்டது வாத்தியாரே, அந்தக் குரல். கடையை மூடின நாலு வருஷமாக எங்கே போயிருந்ததோ. எல்லாரும் நின்றார்கள். அடித்தவன்கூட நின்றான். "மாமா, நீங்க மொய்தீன் கட மாமாதானே? டத்தோ கிராமாட்ல?" என்றான். "ஆமா. அதுக்கென்ன, உனக்கு எக்ஸ்ட்ரா குழம்பு வேணுமா?" என்றேன். சிரித்துவிட்டார்கள்.

அமீரா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்காமல் நேரே பின்கட்டுக்குப் போனேன். பெரிய பானையில் சுடுதண்ணீர் வைத்து எல்லாப் பாத்திரத்தையும் கழற்றிப் போட்டேன். அது சீனிதானே, சூட்டில் ஊறினால் தன்னாலே விடும். ஊறுகிற நேரம் அவர்கள் என்ன செய்வார்கள்? உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவன் சும்மா இருப்பானா? குடித்தார்கள். சிலர் போகும்போது வீட்டுக்குத் தூளும் வாங்கினார்கள். எல்லாரும் இல்லை. இரண்டு பேர் பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு திட்டிக்கொண்டே போனார்கள். போகட்டும்.

கூட்டம் போனபிறகு அவள் பின்கட்டுக்கு வந்தாள். என் முன்னால் ஒரு கோப்பை வைத்தாள். மேலே இலை மாதிரி ஏதோ வரைந்திருந்தாள். "என்னத்தா, கறி வாசம் அடிக்குதா கடையில?" என்று கேட்டாள். ஞாபகம் வைத்திருக்கிறாள் பாருங்கள். நான் சொன்னேன், "நீதான் வேணாம்ன." அவள் சொன்னாள், "நீங்க முப்பது வருஷத்துக்கு மேல கஷ்டப்பட்டு எடுத்த பேரு. என் கட ஒரு வருஷத்துல மூடிட்டா அந்தப் பேரையும் சேத்துதானே எறக்கணும்? அதுக்குத்தான் வேணாம்னேன். சிரிச்சிட்டே சொன்னா நீங்க கேப்பீங்கனு நெனச்சேன்."

நாங்கள் இரண்டு பேரும் அதற்குப் பிறகு பாத்திரம்தான் தேய்த்தோம். உங்களுக்கு அவ்வளவு போதும்.

ஒப்பந்தத்துக்கு ஒரு வருஷத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இரண்டு வருஷத்துக்குத் தைரியம் இல்லை என்கிறாள். சனிக்கிழமை மேசையில் பாதி ஆட்கள் வருகிறார்கள். மீதிப் பாதி உங்களால் வீட்டில் குடிக்கிறார்கள். அது என்றைக்கும் உங்கள் கணக்கில்தான் இருக்கும், அழிக்கமாட்டேன்.

இப்போது தங்கச்சி விஷயம். காலு நல்லாத்தானே இருக்கு என்று கேட்டாளே, அன்றையிலிருந்து அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிமெண்டு போட்டால் நகராண்மைக்காரன் வருவான். சாய்த்து வைத்து எடுக்கிற மாதிரி நீளமான கெட்டிப் பலகை வேண்டும். கடைக்கடையாகக் கேட்டேன். எல்லாம் ஒட்டுப்பலகை, ஆள் ஏறினால் முறியும். அவ்வளவு நீளம், அவ்வளவு கெட்டி, ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிந்து இருக்கிறது. சாக்கை எடுத்துவிட்டு நேற்று முன்தினம் ஹைக்கலோடு கொண்டுபோனேன்.

படியில் சாய்த்துப் போட்டோம். சோதனைக்குத் தள்ளுவண்டியில் அரிசி மூட்டை வைத்து ஏற்றினோம். முனகக்கூட இல்லை. தங்கச்சி அரிசி மூட்டையைவிட எடை குறைவுதான், நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

அவசரத்தில் 'மொய்தீன்' எழுத்து மேலே தெரியும்படி போட்டுவிட்டேன். அமீரா உள்ளேயிருந்து வந்து பார்த்தாள். வண்டியை இறக்கச் சொன்னாள். குனிந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, நான் மறுமுனையைப் பிடிக்கும் வரைக்கும் நின்றாள். இரண்டு பேருமாகப் புரட்டிப் போட்டோம்.

"அத்தா பேரு மேல சக்கரம் ஏற வேணாம்," என்றாள்.

இந்தச் சனிக்கிழமை காலையில் தங்கச்சியைக் கூட்டி வாருங்கள். நான் வாசலில் நிற்பேன். அவளுக்கு லாத்தே இலவசம். உங்களுக்கு முழு விலை. எவ்வளவு என்று கேட்காதீர்கள்; நீங்கள்தானே பலகையில் எழுதினீர்கள்.

காஜா மொய்தீன்